நாய்க்கு லைசென்ஸ்

சென்னையில் நாய் வளர்ப்போர் நகரசபையின் லைசென்ஸ் பெற வேண்டுமென்ற விதி நெடுநாளாகக் காகிதத்தில் உறங்கிக் கிடந்தது. 2025-ம் வருஷக் கடைசியில் நகரசபையார் அதைத் தட்டி எழுப்பினார்கள். கெடுவுக்குள் லைசென்ஸ் பெறாதவர்களுக்கு 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்கள். கட்டணமோ வருஷத்துக்கு 50 ரூபாய்தான். வெறிநோய்த் தடுப்பூசி போட்டதற்கு அத்தாட்சி காட்ட வேண்டும். நாயின் தோலுக்கடியில் அரிசி மணியளவுள்ள ‘மைக்ரோசிப்’ ஒன்றும் பொருத்த வேண்டும். கெடு ஒரு முறைக்கு மேல் நீட்டப்பட்டது.

“வாயில்லா ஜீவனுக்குமா வரி?” என்று கேட்பவர் பலர். அவர்கள் கட்சி நமக்குச் சம்மதமில்லை. வெறிநோயின் குறிகள் தோன்றிவிட்டால், அநேகமாக மரணமே முடிவு. உலகத்தில் வருஷந்தோறும் சுமார் 59,000 பேர் இதற்கு இரையாவதாக மதிப்பு. அதில் மூன்றிலொரு பங்குக்கு மேல் இந்தியாவுக்கே உரியது என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். பாஸ்டர் என்னும் பிரெஞ்சு விஞ்ஞானி 1885-லேயே இதற்கு ஊசி மருந்து கண்டார். நமது குன்னூரில் அவர் பெயரால் 1907-ல் ஒரு ஸ்தாபனமும் ஏற்பட்டது. நூறு வருஷத்துக்கு மேலாக மருந்து கையிலிருந்தும் ஜனங்கள் மடிகிறார்களென்றால், குறை சாஸ்திரத்தில் இல்லை, ஏற்பாட்டில் இருக்கிறது.

ஒரு பிரதேசத்து நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்காவது தடுப்பூசி போட்டால் நோய் பரவும் சங்கிலி அறும் என்பது நிபுணர்கள் முடிவு. நூற்றுக்கு எழுபது என்று கணக்கிட, மொத்தம் எத்தனையென்று முதலில் தெரிய வேண்டாமா? அக்கணக்கின் முதல் ஏடுதான் லைசென்ஸ். ஆசைக்குக் குட்டியை வாங்கி, அலுத்ததும் தெருவில் விட்டுவிடும் புண்ணியவான்களையும் அது காட்டிக் கொடுக்கும்.

ஆனால், பிரஜைகளுக்கு மட்டுந்தானா கடமை? பிரிட்டனில் நாய் லைசென்ஸ் வெகுகாலம் நடைமுறையிலிருந்தது. கட்டணம் கடைசியில் 37 பென்ஸ். அதையும் கட்டாதவர் ஏராளம். வட அயர்லாந்து நீங்கலாக, 1987-ல் அதை எடுத்துவிட்டார்கள். பிறகு 2016-ல் மைக்ரோசிப்பைக் கட்டாயமாக்கினார்கள். பணம் வசூலிப்பதோடு நின்றுவிடும் பதிவு நிலைக்காது என்பதே இதில் நாம் காணும் பாடம்.

அபராதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 5,000 ரூபாய் பங்களாவாசிக்கு ஒரு பொருட்டல்ல. குடிசைவாசியோ அதற்கு அஞ்சித் தன் நாயை அவிழ்த்துத் தெருவில் விட்டுவிடுவான். தெருநாயைக் குறைக்க வந்த சட்டம் தெருநாயைப் பெருக்கும்! ஆகையால், ஊசியும் சிப்பும் இலவசமாய் வட்டந்தோறும், ஞாயிற்றுக்கிழமையிலும் கிடைக்கும்படி செய்ய வேண்டும். கணினி வழியே விண்ணப்பிக்க அறியாதவனுக்கு எழுதிக் கொடுக்க ஆள் வேண்டும். சிப்பிலுள்ள எண்ணைப் படிக்கும் கருவி ஒவ்வொரு மிருக வைத்தியசாலையிலும் இருக்க வேண்டும். இல்லையேல் அது தோலுக்கடியில் கிடக்கும் வெறும் மணிதான். எஜமானனில்லாத தெருநாய்களுக்கு நகரசபையே எஜமானன். அவற்றுக்கு ஊசி போடும் பொறுப்பும் அதனுடையதே.

நாய் வளர்ப்பவர்கள் நாளைக் கடத்தாமல் ஊசி போட்டு, லைசென்ஸ் பெறுவார்களாக. நகரசபையார் அபராதச் சீட்டைக் கடைசியிலும் ஊசியை முதலிலும் எடுப்பார்களாக. வாசலில் விளையாடும் குழந்தையின் உயிர் இவ்விருவர் கையிலும் இருக்கிறது.