வாவிக்கரையைப் பேணுவது ஒருநாட் பணியன்று

மட்டக்களப்பு மக்களின் வாழ்வோடு இரண்டறக் கலந்தது எமது வாவி. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான இவ்வாவியை அண்டியே ஏறாவூரும் மட்டக்களப்பு நகரும் கல்லடியும் காத்தான்குடியும் ஆரையம்பதியும் அமைந்துள்ளன. காலையில் உடல்நலம் கருதி நடப்போரும், மாலையில் காந்தி பூங்காவின் ஓரமாகக் காற்று வாங்க வருவோரும், வலையுடன் இறங்கும் மீனவரும் நாடுவது ஒரே கரையைத்தான். அக்கரை யாருக்கு உரியது என வினவினால், 'எல்லோருக்கும்' என்ற விடை உடனே கிடைக்கும். அதனைப் பேணுவது யார் என வினவினால் மௌனமே விடையாகிறது.

நம்மவர்கள் எதுவுமே செய்வதில்லை என்று கூறிவிட முடியாது. 1958ஆம் ஆண்டில் ஆசிரியரான ஏ.ரி.ஆரியரத்ன தமது மாணவர்களுடன் கனத்தொலுவ என்ற கிராமத்தில் நடத்திய உழைப்பு முகாமிலிருந்து சர்வோதய இயக்கம் பிறந்தது. அதன் வழியே நாடெங்கும் பரவிய 'சிரமதானம்' என்ற சொல் இன்று தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் சொந்தச் சொல்லாகிவிட்டது. பாடசாலைகளும் ஆலயங்களும் பள்ளிவாசல்களும் விளையாட்டுக் கழகங்களும் கரையோரங்களைத் துப்புரவாக்கக் காண்கிறோம். குறை உழைப்பில் இல்லை, தொடர்ச்சியின்மையிலேயே உள்ளது.

துப்புரவாக்கிய கரை சில வாரங்களுக்குள் பழைய நிலைக்குத் திரும்புவது ஏன்? கரையில் ஒதுங்கும் குப்பையில் கணிசமான பகுதி அங்கு வீசப்பட்டதன்று. நகரின் வடிகான்கள் வழியே வந்து சேர்வது. வாவி கடலோடு கலக்கும் முகத்துவாரத்தை வறட்சிக் காலத்தில் மணற்றிட்டு அடைத்துக்கொள்ளும்போது நீர் தேங்குகிறது, குப்பையும் தங்குகிறது. வடகீழ்ப் பருவமழை தொடங்கியதும் வீதிகளில் கிடந்தவை யாவும் அடித்து வரப்படுகின்றன. மெல்லிய பொலித்தீனும் ரெஜிபோம் உணவுப் பெட்டிகளும் 2017 செப்டெம்பர் முதலாந் திகதி முதல் தடைசெய்யப்பட்டவை. ஆயினும் சட்டம் வடிகானின் வாயிலில் நின்று காவல் காப்பதில்லை. எனவே, மழைக்கு முன்னர் வடிகான்களில் செலவிடும் ஒரு நாள், மழைக்குப் பின்னர் கரையில் செலவிடும் பல நாட்களுக்கு ஈடாகும்.

மரநடுகையும் இத்தகையதே. போர்க்காலத்தில் பாதுகாப்புக் காரணங்களுக்காகவும், இறால் பண்ணைகளுக்காகவும் வாவியோரக் கண்டல் மரங்கள் பெருமளவில் அழிக்கப்பட்டன. அலையின் வேகத்தைத் தணித்துக் கரைமண்ணைப் பிடித்து வைப்பவையும், மீன் குஞ்சுகளுக்கும் இறால் குஞ்சுகளுக்கும் புகலிடமளிப்பவையும் அவையே. 2004 டிசம்பர் 26ஆம் திகதிய ஆழிப்பேரலைக்குப் பின்னர் அவற்றை மீண்டும் நடும் ஆர்வம் நாடெங்கும் பெருகியது. விளைவு என்ன? 2017இல் வெளியான ஆய்வொன்று இலங்கையில் நடுகை நடைபெற்ற 23 இடங்களைப் பரிசீலித்தது. அவற்றுள் 9 இடங்களில் ஒரு கன்றேனும் எஞ்சவில்லை. நடப்பட்ட 1,000 முதல் 1,200 வரையிலான ஹெக்டேயரில் 200 முதல் 220 ஹெக்டேயர் மட்டுமே தேறியது.

காரணங்கள் வியப்புக்குரியவையல்ல. தாய்மரத்திலேயே முளைத்துத் தொங்கும் நீண்ட நாற்றைச் சேற்றில் குத்துவது எளிது என்பதால், இடத்துக்குப் பொருந்துமா என ஆராயாது ஒரே இனம் நடப்பட்டது. நீண்ட நேரம் நீரில் மூழ்கும் இடங்களிலும் நட்டனர். கால்நடைகள் மிதித்தன, பாசி மூடியது. நட்டபின் எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பராமரிப்புக் கிடைத்த இடங்களிலேயே கன்றுகள் அதிகம் பிழைத்தன. பின்னர், அறிவியலையும் உள்ளூர் மக்களின் பங்களிப்பையும் அடிப்படையாகக் கொண்ட முயற்சிகளுக்காக, 2024இல் இலங்கையின் கண்டல் மீளுருவாக்கத்தை ஐக்கிய நாடுகள் சபை உலக முன்மாதிரிகளுள் ஒன்றாக அறிவித்தது. நடுவோரைவிட நாடிச் சென்று பார்ப்போரே தேவை என்பதே இதிலிருந்து நாம் பெறவேண்டிய பாடம்.

ஆகவே, தொண்டர்கள் ஆற்றவேண்டியது என்ன? நீண்ட கரையைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் அயலிலுள்ள பாடசாலையோ சங்கமோ பள்ளிவாசலோ ஆலயமோ ஆண்டு முழுவதற்கும் பொறுப்பேற்கலாம். மாதத்தில் ஒரு முறையேனும் அப்பகுதியை நடந்து பார்த்து, இடிந்த நடைபாதை, எரியாத விளக்கு, அடைபட்ட வடிகான் ஆகியவற்றைக் குறித்து உள்ளூராட்சி மன்றத்துக்கு எழுத்தில் அறிவிக்கலாம். சேகரித்த குப்பையை அகற்றும் வாகனத்தை மன்றம் குறித்த நாளில் அனுப்புதல் வேண்டும். அன்றேல், குவித்து வைத்தது மீண்டும் வாவிக்கே போகும். கன்றுகளை எங்கே நடுவது என்பதில் துறைசார்ந்த அதிகாரிகளோடு, நீரின் ஏற்ற இறக்கத்தை நாள்தோறும் காணும் மீனவரையும் கலந்தாலோசிப்பது இன்றியமையாதது.

இப்பணிக்கு மற்றொரு முக்கியத்துவமும் உண்டு. மாலை மங்கியபின் வாவிக்கரையில் நடமாட அஞ்சிய காலத்தை நாம் கடந்து வந்துள்ளோம். 1990ஆம் ஆண்டின் துயரங்களை இக்கரையின் இரு சமூகத்தவரும் மறந்துவிடவில்லை. மறக்கும்படி எவரையும் நாம் கேட்கவுமில்லை. ஆனால், மட்டக்களப்பு மாநகர சபை, காத்தான்குடி நகர சபை, மண்முனைப்பற்று பிரதேச சபை என்ற எல்லைகள் காகிதத்தில் உள்ளனவேயன்றி நீரில் இல்லை. ஓரூரார் எறிந்தது மற்றோர் ஊராரின் கரையில் ஒதுங்குகிறது; ஓரூரார் வளர்த்த கண்டலில் பெருகிய மீன் மற்றோர் ஊராரின் வலையில் விழுகிறது. தனித்தனியே செய்தால் எவருக்கும் பயன் தராத பணி இது.

வரும் பருவமழைக்கு முன்னர், அயலூர்ச் சங்கங்கள் இரண்டு ஒன்றுகூடி ஒரு வடிகானையும் ஒரு துண்டுக் கரையையும் ஓராண்டுக்குப் பொறுப்பேற்கட்டும். படம் பிடிப்போர் வராத நாட்களிலும் அங்கு சென்று வரட்டும் என்பதே எமது வேண்டுகோள்.