டாக்டர் கட்டணத்துக்கு ரசீது எங்கே?

எலவனாசூர்கோட்டை போன்ற ஊர்களில் காய்ச்சலுக்கு டாக்டரைப் பார்க்கப் போனால், ஒரு ஊசி, மூன்று நாள் மாத்திரை, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு தொகை. ரொக்கமாகக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். எதற்கு எவ்வளவு என்று டாக்டரும் சொல்வதில்லை, கேட்டால் மரியாதையாக இருக்காது என்று நாமும் கேட்பதில்லை. இந்தத் தயக்கத்தால் நஷ்டப்படுவது இரு தரப்பும்தான்.

காய்ச்சல் டெங்கு என்று தெரிந்து, நோயாளியைக் கள்ளக்குறிச்சிக்கோ புதுச்சேரிக்கோ அனுப்ப நேர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். தனியார் காப்பீடு எடுத்திருப்பவருக்கு, மருத்துவமனையில் சேர்வதற்கு முந்தைய 30 நாள் செலவையும் பல பாலிசிகள் திருப்பித் தருகின்றன. உள்ளூர் கிளினிக்கில் கொடுத்த கட்டணமும் ரத்தப் பரிசோதனைச் செலவும் அதில் அடக்கம். ஆனால் எண்ணிட்ட ரசீது, மருந்துச் சீட்டு, பரிசோதனை முடிவு மூன்றும் கையில் இருந்தால்தான் அந்தப் பணம் வரும். ரசீது இல்லாவிட்டால், செலவு செய்ததற்கே சான்று இல்லை.

ரசீது டாக்டர் காட்டும் சலுகை இல்லை. 2002ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் நெறிமுறை விதிகள், கட்டணத்தை அறையில் தெளிவாக எழுதி வைக்கச் சொல்கின்றன. மருந்துச் சீட்டு, சான்றிதழ், பண ரசீது எல்லாவற்றிலும் டாக்டரின் பதிவு எண் இருக்க வேண்டும். டாக்டரே மாத்திரை கொடுத்தால் அதையும் சீட்டில் குறிப்பிட வேண்டும். 2023இல் வந்த புதிய விதிகள் அதே மாதமே நிறுத்திவைக்கப்பட்டதால், பழைய விதிகளே தொடர்கின்றன.

கிளினிக்கிலேயே மாத்திரை கொடுப்பது நம் பக்கத்துப் பழக்கம். தன் நோயாளிக்குக் கொடுக்க மருந்து விதிகள் டாக்டரை அனுமதிக்கின்றன. ஆனால் கடை போலத் திறந்து விற்கக் கூடாது. உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ உற்பத்தியாளரிடமோதான் வாங்க வேண்டும். வாங்கிய மருந்தின் பெயர், அளவு, பேட்ச் எண் பதிவேட்டில் இருக்க வேண்டும். மருந்து ஆய்வாளர் வந்தால் முதலில் கேட்பது இந்தப் பதிவேட்டைத்தான் என்று எண்ணி அதை அன்றன்றே எழுதிவிடுவது நல்லது. ரசீதில் ஆலோசனை, ஊசி, மருந்து என்று தனித்தனியே போட்டால் நாள் கணக்கும் வருமான வரிக் கணக்கும் தாமாகவே சரியாகிவிடும். டாக்டர் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது.

டாக்டர்கள் அதிகம் தடுமாறும் இடம் வேறொன்று. "போன வாரத் தேதி போட்டு ஒரு பில் கொடுங்க சார், லீவுக்கு வேணும்" என்று தெரிந்தவர் ஒருவர் கேட்பார். இரக்கத்தில் எழுதிக் கொடுக்கும் அந்தத் தாள் பொய்ச் சான்று. மருத்துவக் கவுன்சில் நடவடிக்கைக்கு அது போதும், காப்பீட்டுக் கோரிக்கையில் சேர்த்தால் மோசடி வழக்காகவும் ஆகலாம். மறுப்பது கடினம்தான். இருந்தாலும் மறுத்தே ஆக வேண்டும். லேபுக்கோ ஸ்கேனுக்கோ அனுப்பியதற்காகக் கமிஷன் வாங்குவதையும் 2002 விதிகள் தடை செய்கின்றன.

மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்தின் கீழ் வரும் என்று 1995இல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்கு என்று வந்தால் பணம் கொடுத்ததை நிறுவ நோயாளிக்கு உதவும் அதே ரசீதும் சீட்டும், என்ன சிகிச்சை கொடுத்தோம் என்று காட்ட டாக்டருக்கும் உதவும். நோயாளி தன் மருத்துவக் குறிப்புகளைக் கேட்டால், 2002 விதிகளின்படி 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும்.

கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வரும் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் பெரிய துணை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. திட்டத்தில் அனுமதி பெற்ற சிகிச்சைக்கு மருத்துவமனை தனியாகப் பணம் கேட்டால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் புகார் செய்யலாம். அப்படிப் பணம் கட்ட நேர்ந்தால், எவ்வளவு சிறிய தொகையானாலும் ரசீது கேட்டு வாங்குங்கள்.