நாடற்றோர், தாயகம் திரும்பியோர், அகதிகள்

புலம்பெயர்தல் என்னும் வழக்கு பட்டினப்பாலைக் காலத்திலேயே தமிழில் உண்டு. அஃது இடம் மாறியமையைச் சுட்டுமேயன்றி உரிமை இழந்தமையைச் சுட்டாது. உரிமையிழப்பைச் சுட்டும் சொற்கள் இருபதாம் நூற்றாண்டுச் சட்டங்களின்வழி வந்தவை. இலங்கை மலையகத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழ்நாட்டுத் தொழிலாளரின் வழியினர் நாடற்றோர், தாயகம் திரும்பியோர், அகதிகள் என மூன்று பெயர் பெற்றனர். ஒரே குடும்பத்தில் மூன்றும் அமைதல் கூடும். பெயர் எதுவோ, உரிமையும் அதுவே.

இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், தந்தையாவது, பாட்டனும் பூட்டனுமாவது அந்நாட்டிற் பிறந்திருத்தல் வேண்டும் என்றது. தோட்டத் தொழிலாளருள் அதனை ஆவணங்கொண்டு நிறுவ வல்லார் மிகச் சிலரே. 1949இல் வாக்குரிமையும் போயிற்று. இந்திய அரசியலமைப்பின் 8ஆம் உறுப்போ, பெற்றோரில் ஒருவரோ பாட்டன் பாட்டியருள் ஒருவரோ இந்தியாவிற் பிறந்திருப்பின், அயல்நாட்டில் வாழ்வோர் ஆங்குள்ள இந்தியத் தூதரிடம் பதிவு செய்து குடியுரிமை பெறலாம் என்றது. பாட்டன் பிறந்த ஊரே ஈரிடத்தும் வினா. ஆங்கு விலக்கிய விடையே ஈண்டு ஏற்கத்தக்கது. ஆயினும் பதியாதார் இரு நாட்டினும் குடிமக்கள் ஆகார். இவரே நாடற்றோர்.

1964 அக்டோபர் 30இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கிட்டது: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. பொருள்களைப் பங்கிடுவதுபோல் மக்களைப் பங்கிட்ட இச்செயலில் அம்மக்களின் கருத்து கேட்கப்படவில்லை என்பது கருதத்தக்கது. இந்தியக் கடவுச்சீட்டுடன் கப்பலேறி வந்தோர் தாயகம் திரும்பியோர் எனப்பட்டனர். அவர்தம் குடியுரிமையில் ஐயமில்லை.

1983ஆம் ஆண்டு வன்செயலுக்குப்பின் நிலை மாறிற்று. 1984இல் தலைமன்னார்க் கப்பல் நின்றது. கடவுச்சீட்டின்றிப் படகேறி வந்த மலையகத் தமிழரும் ஈழத்தமிழருடன் அகதிகள் எனவே பதியப்பெற்றனர். 1987 சூலை 1க்கு முன் இந்திய மண்ணிற் பிறந்த குழந்தை, முகாமிற் பிறந்ததாயினும், பிறப்பால் குடியுரிமை உடையது. பின்னர் நிறைவேறிய 2003ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டமோ, முறையான ஆவணமின்றி வந்தோரைச் சட்டவிரோதக் குடியேறிகள் என வகுத்துப் பதிவுவழியை அடைத்தது. 2004 திசம்பர் 3 முதல், பெற்றோருள் ஒருவர் அவ்வாறு வந்தவராயினும் பிறக்கும் குழந்தைக்குப் பிறப்புரிமை இல்லை. அதே 2003இல் இலங்கை, 1964 அக்டோபர் 30 முதல் ஆங்கு வாழ்ந்த இந்திய வமிசாவளியினர்க்கும் அவர் வழியினர்க்கும் குடியுரிமை வழங்கிற்று. அந்நாட்டின் கதவு திறந்த ஆண்டில் இந்நாட்டின் கதவு அடைபட்டது.

2019 சூனில் சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, முகாம்வாழ் மலையகத் தமிழர் சிலரின் வழக்கில், அவர்தம் இந்திய வமிசாவளியை ஏற்று, குடியுரிமை விண்ணப்பங்களை ஆய்ந்து முடிவு செய்யுமாறு பணித்தது. பெயரளவில் அரசு கவலை கொள்ளாமலில்லை. 2021இல் தமிழ்நாட்டரசு அகதிகள் முகாம் என்பதை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என மாற்றியது. அம்பத்தூருக்கு அணித்தாயுள்ள புழல் முகாமும் கும்மிடிப்பூண்டி முகாமும் இப்பெயரே பெற்றன. இழிவு தொனித்த சொல் நீங்கியது நன்றே. எனினும் பிரிவுகளுள் ஒன்றும் அதனால் மாறவில்லை. 2025 செப்டம்பரில் மைய அரசு பிறப்பித்த ஆணை, 2015 சனவரி 9க்குள் வந்து பதிவுபெற்ற இலங்கைத் தமிழரை, கடவுச்சீட்டின்மைக்குரிய தண்டனையினின்றும் விலக்கியுள்ளது. குடியுரிமை பற்றி அவ்வாணை ஒன்றும் கூறவில்லை.