பழைய ஜீப் பிக்கப்: பெயின்டுக்கு முன்னாடி ஆர்.சி. புக்

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம். திரும்ப வந்த வாக்கியங்களையும் கம்ப்ரஸர் சத்தத்தையும் மட்டும் நீக்கியிருக்கிறோம்.)

மதுரையிலிருந்து திண்டுக்கல் போகும் வழியில் இருக்கிறது சமயநல்லூர். அங்கே வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் பழைய ஜீப்புகளையும் ஜீப் பிக்கப்புகளையும் எடுத்துச் சரிபண்ணும் ஓர் அண்ணனோடு இந்த வாரம் பேசினோம். பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நேயர்களிடமிருந்து வந்த கேள்விகளில் பாதி 'எந்தக் கலர் அடிக்கலாம்' என்பதுதான். அவர் அந்தப் பக்கமே வரவில்லை, ரொம்ப நேரத்துக்கு.

கேள்வி: அண்ணே, யூடியூப்ல அமெரிக்காக்காரங்க ஃபோர்டு, செவ்ரலேன்னு பழைய பிக்கப்பை எடுத்துப் பளபளன்னு ஆக்குறாங்க. நம்ம ஊர்ல பழைய பிக்கப்னா எது?

அதைத் தேடிக்கிட்டு இருந்தா ஆயுசு போயிரும் தம்பி. நமக்குப் பழைய பிக்கப்னா ஜீப்புதான். ஸ்டாண்டர்டு 20 இருந்துச்சு, மட்டாடர் இருந்துச்சு, அதெல்லாம் இப்ப கண்ணுல படுறதே அபூர்வம். ஜீப்பு மட்டும் நிக்குது. ஏன்னா அது சேஸு மேல பாடியை போல்ட்டு போட்டு உக்கார வச்ச வண்டி. பாடி போனா பாடியை மாத்து, இன்ஜின் போனா இன்ஜினை மாத்துன்னு ஓட்டிக்கிட்டே வந்திருக்காங்க.

மஹிந்திரா கம்பெனி 1945-ல ஆரம்பிச்சது. 1949-ல பம்பாயில வில்லிஸ் ஜீப்பைப் பாகம் பாகமா இறக்கிப் பூட்ட ஆரம்பிச்சாங்க. அப்புறம் வந்ததுதான் சி.ஜே.3பி. பானெட் உயரமா இருக்கும், தூரத்துல இருந்தே தெரியும். காரணம் இன்ஜின். இன்டேக் வால்வு தலையில, எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்குல. அதனால இன்ஜின் உயரம் கூடுச்சு, பானெட்டைத் தூக்கிட்டாங்க. 2,199 சி.சி. பெட்ரோல். நல்லா இழுக்கும், நல்லா குடிக்கும்.

பெட்ரோல் விலை ஏறுனதும் எல்லாரும் டீசலுக்குத் தாவுனாங்க. மஹிந்திராவே இன்டர்நேஷனல் டிராக்டர் இன்ஜின் வழியில வந்த டீசலைப் போட்டுச்சு. பிறகு பூஷோ எக்ஸ்.டி.பி. 2,112 சி.சி. வந்துச்சு. தேனி, போடி, கம்பம் பக்கம் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்திட்டு மலையேறுன ஜீப்பெல்லாம் இந்தக் குடும்பந்தான். நான் கியர்பாக்ஸ் சாமான்னா முதல்ல மேற்க அந்தப் பக்கந்தான் கேப்பேன். மெட்ராஸ் புதுப்பேட்டை அதுக்கப்புறந்தான்.

கேள்வி: சரி, ஒருத்தர் ஒரு வண்டியைப் பாக்குறார். பின்பக்கம் வெட்டித் தொட்டி வச்ச ஜீப்பு. விலை படியுது. முதல்ல எதைப் பாக்கணும்?

காகிதத்தை. இன்ஜின் ஸ்டார்ட் ஆகுதான்னு பாக்குறது ரெண்டாவது. ஆர்.சி.யைக் கையில வச்சுக்கிட்டு வண்டிக்கிட்டப் போங்க. அதுல இன்ஜின் நம்பர், சேஸ் நம்பர், எரிபொருள், பாடி வகை, கலர், சீட்டு எண்ணிக்கை, வீல்பேஸ் எல்லாம் இருக்கும். ஒவ்வொண்ணா வண்டியோட ஒத்துப் பாருங்க. ஆர்.சி.யில பெட்ரோல்னு இருக்கும், உள்ள டீசல் உக்காந்திருக்கும். ஜீப்புன்னு இருக்கும், பின்னாடி தொட்டி இருக்கும். அந்தக் காலத்துல முறையா எழுதி வாங்கியிருந்தா ஆர்.சி.யிலயே பதிஞ்சிருப்பாங்க. பதியலைன்னா அந்த வண்டி பாதி விலைக்கும் வேண்டாம்பேன்.

அடுத்தது சேஸ்ல அடிச்ச நம்பர். இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும். துருவை எடுக்கறேன்னு கிரைண்டரை வச்சு அந்த நம்பர் மேலயே ஓட்டிருவாங்க. இல்லைன்னா பட்டி போட்டு மூடிருவாங்க. புதுப்பிக்க ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போனா பிரேக் இன்ஸ்பெக்டர் கேக்குறது பென்சில் பிரிண்ட். நம்பர் மேல பேப்பரை வச்சுப் பென்சிலால தேய்ச்சு எடுக்கறது. நம்பர் தெளிவா விழலைன்னா, அதுக்கு மேல நீங்க லட்ச ரூபா பெயின்டு அடிச்சிருந்தாலும் அது வெறும் இரும்பு. அந்த இடத்துக்கு வயர் பிரஷ்ஷும் மண்ணெண்ணெயும் போதும். சுத்தம் பண்ணுனதும் கிரீஸ் தடவி, மேல டேப் ஒட்டி வச்சிருங்க. வேலை முடியுற வரைக்கும் டேப்பு அங்கேயே இருக்கட்டும்.

கேள்வி: இப்ப பாடியை மாத்தவே கூடாதுங்கறாங்களே?

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு. கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுங்குது. கேரளத்துல இருந்து போன ஒரு வழக்குல 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதியாச் சொல்லிருச்சு. அதே வருஷத் திருத்தத்துல தண்டனையும் வந்துச்சு. அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபா அபராதம், ஆறு மாசம் வரைக்கும் சிறைன்னும் இருக்கு. அதனால இன்னிக்கு ஒரு ஜீப்பை வாங்கிப் புதுசாப் பின்பக்கத்தை வெட்டிப் பிக்கப் ஆக்குறதுங்கற ஆசையை விட்டுருங்க. பிக்கப்புன்னு ஏற்கெனவே ஆர்.சி.யில இருக்கற வண்டியைத் தேடுங்க. கஷ்டந்தான், ஆனா கிடைக்கும்.

சரக்கு வண்டியாப் பதிஞ்சிருந்தா வேற கணக்கு. மொத்த எடை 3,000 கிலோவுக்குள்ளன்னா பெர்மிட் வேண்டாம். ஆனா எஃப்.சி. உண்டு, எட்டு வயசு தாண்டுன வண்டிக்கு வருஷா வருஷம். சொந்த உபயோக வண்டின்னா 15 வருஷத்துக்கு அப்புறம் அஞ்சு அஞ்சு வருஷமாப் புதுப்பிக்கணும். 2022 ஏப்ரல்ல அந்தக் கட்டணத்தை 600-ல இருந்து 5,000 ஆக்குனாங்க. 2025-ல 20 வயசு தாண்டுன வண்டிக்கு அதையும் 10,000 ஆக்கிட்டாங்க. வண்டி விலையோட இதையும் சேத்துத்தான் கணக்குப் போடணும்.

கேள்வி: 50 வருஷம் ஆனா வின்டேஜ்னு தனி நம்பர் தர்றாங்களே, அது நமக்கு ஆகாதா?

2021 ஜூலையில அந்த விதி வந்துச்சு. நம்பர்ல 'வி.ஏ.'ன்னு ரெண்டு எழுத்து வரும். முதல் பதிவுக்கு 20,000 ரூபா, பத்து வருஷம் செல்லும். ஆனா ரெண்டு முடிச்சு இருக்கு. ஒண்ணு, சொந்த உபயோக வண்டியா இருக்கணும், சரக்கு வண்டிக்கு இல்லை. ரெண்டு, சேஸ், பாடி, இன்ஜின் எதுலயும் பெரிய மாற்றம் இல்லாம அசல்படி இருக்கணும். நம்ம பக்கத்து ஜீப்புல அசல் எங்க தம்பி இருக்கு? இன்ஜினை மாத்துனதாலதான் அது இத்தனை வருஷம் ஓடுச்சு. என்னையக் கேட்டா அந்த மாத்துன இன்ஜினுந்தான் அந்த வண்டியோட சரித்திரம். சட்டம் அப்படிப் பாக்கலை. அதோட வி.ஏ. நம்பர் வண்டியில தினமும் தோட்டத்துக்குப் போக முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு, அவ்வளவுதான். ஓட்டணும்னு ஆசைப்படறவன் சாதாரணப் புதுப்பிப்பே போட்டுக்கட்டும்.

கேள்வி: 15 வருஷம் ஆனா நசுக்கிருவாங்கன்னு ஒரு பயம் இருக்கே?

வயசைக் காரணம் காட்டி டீசலுக்கு 10, பெட்ரோலுக்கு 15ன்னு வச்ச கட்டுப்பாடு டெல்லி சுத்துவட்டாரத்துக்கு. அதை இங்க கொண்டாந்து பயமுறுத்தி அடிமாட்டு விலைக்குக் கேக்குற புரோக்கருங்க இருக்காங்க. நசுக்குறது யாருக்குன்னா அரசாங்க வண்டிக்கு. 2023 ஏப்ரல்ல இருந்து 15 வயசு தாண்டுன அரசாங்க வண்டியைப் புதுப்பிக்க முடியாது, ஸ்கிராப்புக்குத்தான் போகணும். முன்னாடி ஆபீஸ் ஜீப்பெல்லாம் ஏலத்துல வரும், அதை எடுத்துத்தான் நிறையப் பேர் செஞ்சாங்க. அந்த வழி அடைஞ்சு போச்சு. வெளியில இருக்கறதைக் காப்பாத்துறதுதான் மிச்சம்.

கேள்வி: வீட்டுலயே வேலை செய்யறதுன்னா எதுல ஆரம்பிக்கணும்?

உயிர்ல. ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழ போகாதீங்க. ஹாலோ பிளாக் கல்லை முட்டுக் கொடுக்கறாங்க, அது சொல்லாமக் கொள்ளாம நொறுங்கும். இரும்பு ஸ்டாண்டு, இல்லைன்னா குறுக்க குறுக்க அடுக்குன கனமான மரக்கட்டை. இன்னொண்ணு, சி.ஜே.3பி.யில பெட்ரோல் டேங்க் டிரைவர் சீட்டுக்குக் கீழ இருக்கு. டேங்க்கைக் கழட்டி வெளிய வைக்காம அந்தப் பக்கம் வெல்டிங் கம்பியையே எடுக்கக் கூடாது. காலி டேங்க் ரொம்ப ஆபத்து. பெட்ரோலை விட அதோட ஆவிதான் வெடிக்கும்.

பிறகு சேஸ். சுத்தியலால தட்டிட்டே வாங்க. நல்ல இரும்பு கணீர்ங்கும், உளுத்த இடம் தொப்புங்கும். ஸ்பிரிங் பட்டை மாட்டுற ஹேங்கர் பக்கத்துல விரிசல் இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாக்கணும். நம்ம மதுரைச் சுத்துவட்டார வண்டிக்குத் துரு கம்மி, காஞ்ச பூமி. ராமேஸ்வரம், தூத்துக்குடிப் பக்கம் ஓடுன வண்டின்னா ரெண்டு தடவை யோசிப்பேன். மேல பாத்தா நல்லா இருக்கும், உப்புக் காத்து அடியில தின்னுருக்கும்.

அடுத்தது பிரேக்கு. இதுலதான் காசு போடணும். நாலு வீலும் டிரம், ஒரே லைன். எங்கயாவது ஒரு ஹோஸ் கிழிஞ்சா நாலு வீலுக்கும் பிரேக் கிடையாது. ஹேண்ட் பிரேக்கு வீல்ல இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸ் பின்னாடி இருக்கற டிரம்ல பிடிக்கும். பின்பக்க புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழட்டிட்டீங்கன்னா ஹேண்ட் பிரேக் போட்டும் பிரயோஜனம் இல்லை, வண்டி உருளும். அதனால வீலுக்கு கட்டை வைக்காம ஷாஃப்ட்டைக் கழட்டாதீங்க. மாஸ்டர் சிலிண்டரை முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி லைன் இருக்கற இரட்டை சிலிண்டரா மாத்துறதை நான் எல்லாருக்கும் சொல்றேன். அழகுக்கு ஆயிரம் செய்யறாங்க, இது ஒண்ணு செய்ய மாட்டேங்கறாங்க.

கேள்வி: கஸ்டமைஸ்னு வேற என்னதான் செய்யலாம்?

டைனமோவை எடுத்துட்டு ஆல்டர்னேட்டர், வயரிங் மொத்தமும் புதுசு, ஃபியூஸ் பாக்ஸ், நல்ல சீட்டு, சீட் பெல்ட், தொட்டியில தேக்கோ வேம்போ பலகைத் தளம். இதெல்லாம் வண்டியோட உருவத்தைத் தொடாது. கலர் மாத்தலாம், ஆனா ஆர்.டி.ஓ.கிட்டச் சொல்லி ஆர்.சி.யில பதியணும். டயர்தான் எனக்குப் பிடிக்காத விஷயம். அசல் டயர் 6.00-16, ஒல்லியா இருக்கும். அதுக்குப் பதிலா தடியன் டயரை மாட்டி, ஸ்டியரிங்கைப் பிடிக்க ரெண்டு ஆள் வேணுங்கற மாதிரி ஆக்கிருவாங்க. கிங் பின் தேஞ்சிருந்தா முன்வீல் ஆட ஆரம்பிக்கும், நாலுவழிச் சாலையில அந்த ஆட்டத்தை ஒரு தடவை அனுபவிச்சவன் மறுபடி தடி டயர் கேக்க மாட்டான்.

வேகத்துக்கும் ஆசைப்படக் கூடாது. பழைய ஆக்சில் ரேஷியோ 5.38. சக்கரம் ஒரு சுத்து சுத்த ஷாஃப்ட் அஞ்சு சுத்துக்கு மேல சுத்துது. 60-ல போனா வண்டியும் சந்தோஷமா இருக்கும், நீங்களும் பேசிக்கிட்டே போகலாம்.

கேள்வி: கடைசியா பெயின்டுக்கு வருவோமா? எல்லாரும் அதைத்தான் கேட்டிருக்காங்க.

(சிரிக்கிறார்) வருவோம். டிங்கரிங் ஒழுங்கா இருந்தா பட்டி மெல்லிசாப் போதும். ஓட்டையை கேஸ் வெல்டிங்ல அடைச்சா சூட்டுல தகடு நெளியும். சி.ஓ.டூ வெல்டிங்ல புள்ளி புள்ளியா, இடம் விட்டு இடம் வைக்கணும். மணல் அடிக்கறது சேஸுக்கு நல்லது, பானெட்டுத் தகட்டுக்கு வேண்டாம், அதுவும் நெளிஞ்சிரும்.

கொட்டகையில அடிக்கறதுன்னா தை பிறந்து பங்குனிக்குள்ள அடிச்சிருங்க. ஐப்பசி கார்த்திகை ஈரத்துல என்.சி. பெயின்டு வெள்ளை பூத்துரும். காலையில வெள்ளன, காத்து கிளம்பறதுக்கு முன்னாடி, தரையில தண்ணி தெளிச்சுட்டு அடிக்கணும். ஹார்டனர் கலக்குற டூ-கே பெயின்டுன்னா அதுல ஐசோசயனேட் இருக்கு. நுரையீரலுக்கு ஆகாது, ஆஸ்துமாவே வந்துரும். கைக்குட்டையைக் கட்டிக்கிட்டு அடிக்கறதெல்லாம் வேலைக்கு ஆகாது. அதுக்குன்னு இருக்கற மாஸ்க் போடணும், முடிஞ்சா காத்துக் குழாய் வச்சது. வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருந்தா டூ-கே வேலையை மட்டும் பெயின்ட் பூத் இருக்கற கடைக்குக் கொடுத்துருங்க. காசு கூடத்தான் ஆகும்.

எல்லாம் முடிஞ்சு முதல் தடவை வெளிய எடுக்கறப்ப தூரமாப் போகாதீங்க. வாடிப்பட்டி வரைக்கும் போயிட்டுத் திரும்புங்க. வந்ததும் நாலு டிரம்மையும் கையால தொட்டுப் பாருங்க, ஒண்ணு மட்டும் கொதிச்சா அதுல பிரேக் ஒட்டுது. ஸ்பிரிங் பட்டையோட யூ போல்ட்டு எல்லாத்தையும் மறுபடி ஒரு தடவை முடுக்கிருங்க. புதுசாப் போட்டது கட்டாயம் தளர்ந்திருக்கும்.