உடம்பு குறைய பட்டினி வேண்டாம்

உடம்பு குறையணும் என்று வெறும் தேத்தண்ணியோடு மலைக்குப் போகும் தாய்மாரை நாம் பார்க்கிறோம். பத்து மணிக்கே தலை சுத்துது, கூடையோடு சரிவில் நிற்க முடியல்ல. அந்திக்குப் பசி தாங்காமல் நாலு ரொட்டி! பிறகு எப்படிக் குறையும்?

சாப்பாட்டின் சக்தியைக் கலோரி என்று அளப்பார்கள். நாளுக்கு 300 முதல் 500 வரை குறைத்தாலே போதும். கிழமைக்குக் கால் கிலோ, அரைக் கிலோ என்று மெதுவாக இறங்கும். ஒரு தேக்கரண்டி சீனி ஏறக்குறைய 20 கலோரி. கோப்பைக்கு மூன்று கரண்டி, நாளுக்கு ஐந்து கோப்பை என்றால் அதிலேயே 300. (நாமும் அப்படித்தான் குடித்தோம்.) ஒரேயடியாக விட முடியாது, கிழமைக்கு ஒரு கரண்டியாகக் குறையுங்கள். காலை ரொட்டியை விடாதீர்கள், பருப்பும் கீரையும் சேருங்கள்.

கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மாருக்கும் இது வேண்டாம். சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பவர்கள் முதலில் டாக்டரைக் கேளுங்கள்.