பரணில் கிடக்கும் நூல்களும் பல்கலைக்கழகம் பதிப்பித்த வரலாறும்

உங்கள் இல்லத்துப் பரணிலோ, பாட்டியாரின் பழைய பெட்டியிலோ அட்டை கழன்ற நூல்கள் சில கிடக்கக்கூடும். மாலை, முனாஜாத்து, கிஸ்ஸா, மசலா என்று முன்னோர் ஓதியும் பாடியும் வந்த நூல்கள் அவை. ஒரு முறை அவற்றை எடுத்துப் பாருங்கள். அத்தகைய நூல்களைத் தேடித் திரட்டித்தான் ஒரு பல்கலைக்கழகம் நம் சமுதாயத்தின் இலக்கிய வரலாற்றை ஆறு தொகுதிகளாக வெளியிட்டது.

மதுரையில் 1966ஆம் ஆண்டு தோன்றிய பல்கலைக்கழகம், 1978இல் காமராசர் பெயரைத் தாங்கியது. அடுத்த ஆண்டே அங்கு இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்திற்கெனத் தனி இருக்கை அமைக்கப்பட்டது. அதன் முதற் பேராசிரியராக அழைக்கப் பெற்றவர் மர்ஹூம் பேராசிரியர் ம. முகம்மது உவைஸ் அவர்கள். இலங்கையின் பாணந்துறையைச் சார்ந்த அவர் 1922இல் பிறந்தவர். தமிழைச் சிறப்புப் பாடமாக ஏற்று உயர்கல்வி பயிலுமாறு அவரை ஊக்கியவர் சுவாமி விபுலானந்தர் என்பது நாம் நன்றியுடன் நினைக்க வேண்டிய செய்தி.

தமிழுக்கு முஸ்லிம்கள் ஆற்றிய தொண்டைப் பற்றித் தமது முதுகலைப் பட்டத்திற்காக ஆராய்ந்தவர் உவைஸ். அந்த ஆய்வு ஆங்கிலத்தில் 1953இல் கண்டியில் நூலாக வெளிவந்தது. 'முஸ்லிம்களுக்கும் தமிழுக்கும் என்ன தொடர்பு?' என்று படித்தவர்களே கேட்ட காலம் அது. மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். மார்ட்டின் விக்கிரமசிங்கவின் புகழ்பெற்ற சிங்கள நாவலான 'கம்பெரலிய'வைக் 'கிராமப் பிறழ்வு' என்று தமிழில் தந்தவரும் இவரே. ஒரு மொழியின் செல்வத்தை மற்றொரு மொழியினர் முன் வைப்பதில் அவருக்கு இருந்த ஆர்வம் இதனால் புலனாகும்.

மதுரைக்கு வந்த பின்னர், பேராசிரியர் பீ. மு. அஜ்மல்கானுடன் இணைந்து 'இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாறு' எனும் பெரும்பணியை மேற்கொண்டார். முதல் தொகுதி 1986இல் வெளிவந்தது, கி.பி. 1700 வரையிலான நூல்களை அது ஆராய்கின்றது. இரண்டாம் தொகுதி 1990இல் வந்தது. 1996இல் உவைஸ் அவர்கள் இறையடி சேர்ந்தார்கள். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். அவர்களின் மறைவுக்குப் பின்னரும் தொகுதிகள் வெளிவந்தன.

இத்தகைய வெளியீட்டைப் பல்கலைக்கழகம்தான் செய்ய இயலும். பெயர் மறந்துபோன புலவர்களைப் பற்றிய பருத்த நூல்களை எந்த வணிகப் பதிப்பாளர் அச்சிடுவார்? முதல் பிரதி விற்குமா என்ற ஐயமே அவர் கையைத் தடுத்துவிடும். அதே வேளையில் பல்கலைக்கழக வெளியீட்டுக்கு ஒரு குறையும் உண்டு. அது நூலகங்களைச் சென்றடைகின்றது. நம் வீட்டு வாசலுக்கு வருவதில்லை. இந்தத் தொகுதிகளின் பெயரைக்கூடக் கேள்விப்படாத முஸ்லிம் பட்டதாரிகள் பலர் இருக்கிறார்கள். பழியைப் பல்கலைக்கழகத்தின் மீது மட்டும் போட்டுவிட்டு நாம் ஒதுங்கிவிட முடியாது.

அந்த வரலாற்றில் என்னதான் இருக்கிறது? நமக்குத் தெரிந்தவற்றுள் மிகப் பழைய இஸ்லாமியத் தமிழ் நூலாகிய 'பல்சந்தமாலை'யில் இன்று எஞ்சியிருப்பவை எட்டுப் பாடல்களே. அவையும் களவியற் காரிகையின் உரையாசிரியர் மேற்கோளாக எடுத்தாண்டதால் பிழைத்தவை. முழுமையாகக் கிடைக்கும் நூல்களுள் முதலாவது, வண்ணப் பரிமளப் புலவர் 1572இல் இயற்றிய 'ஆயிர மசலா'. அதற்குப் பின் 1590இல் ஆலிப் புலவரின் 'மிஃறாஜ் மாலை' வருகின்றது. பல்சந்தமாலைக்கும் ஆயிர மசலாவுக்கும் இடையில் எத்தனை நூல்கள் செல்லுக்கும் கறையானுக்கும் இரையாயினவோ, அல்லாஹ்வே அறிவான்.

சீறாப்புராணத்தை எண்ணிப் பாருங்கள். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்களைக் கொண்ட அப்பெருங்காப்பியம், ஏடுகளிலிருந்து அச்சேறியது 1842இல்தான். ஏடுகளைத் தேடித் திரட்டி, பரிசோதித்துப் பதிப்பித்தவர் செய்கு அப்துல் காதிர் நெய்னார் லெப்பை ஆலிம் அவர்கள். அந்த ஏடுகளைச் சில குடும்பங்கள் போற்றி வைத்திருந்தன, கேட்டபோது கொடுத்தன. அதனால் உமறுப்புலவர் நமக்குக் கிடைத்தார்.

இனி, குறிப்பாகச் சொல்ல விரும்பிய ஒன்றுக்கு வருகிறேன். நம் வீடுகளில் கிழிந்துபோன குர்ஆன் பிரதிகளையும் அரபு எழுத்துள்ள தாள்களையும் குப்பையில் போடுவதில்லை. கண்ணியம் கருதி மண்ணில் புதைக்கின்றோம். கடலிலோ கிணற்றிலோ விடுகின்றோம். நல்ல வழக்கம்தான். ஆயினும் அவ்வாறு போகின்றவற்றுள் அரபுத் தமிழ் நூல்களும் உண்டு என்பதைப் பலர் உணர்வதில்லை. அரபு எழுத்தைக் கண்டதும், பொருள் விளங்காததால், 'ஏதோ ஓதுகிற கிதாபு' என்று எண்ணிவிடுகின்றனர். தமிழ்ப் புதையல் ஒன்று மரியாதையுடன் புதைக்கப்படுகின்றது!

அரபுத் தமிழ் என்பது அரபு எழுத்துக்களால் எழுதப்படும் தமிழ். ப, ட, ண, ழ போன்ற ஒலிகளுக்கு அரபியில் எழுத்து இல்லாமையால், அரபு எழுத்துக்களுக்குப் புள்ளிகளைக் கூட்டிப் புதிய வடிவங்களை நம் ஆலிம்கள் அமைத்தனர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்களின் 'ஃபத்ஹுத் தையான்' அவ்வாறு எழுதப்பட்டதே. தமிழ் எழுத்தை அறியாமல், குர்ஆன் ஓத மட்டும் கற்றிருந்த எத்தனையோ பெண்மணிகள் மார்க்கச் சட்டங்களைத் தம் தாய்மொழியில் அறிந்துகொண்டது இத்தகைய நூல்களின் வாயிலாகத்தான்.

அடையாளம் காண்பது எளிது. குர்ஆன் ஓதத் தெரிந்த எவரும் அந்தப் பக்கத்தை மெல்ல எழுத்துக் கூட்டி உரக்கப் படிக்கட்டும். இரண்டு வரிகளுக்குள் 'அந்த', 'வந்து', 'சொன்னார்கள்' என்று காதில் விழுந்தால் அது தமிழ்! அதைக் கிணற்றில் விடாதீர்கள். பிரிந்த ஏடுகளைப் பசை நாடாவால் ஒட்டாதீர்கள்; நாளடைவில் அந்தப் பசையே தாளைத் தின்றுவிடும். தூய துணியில் சுற்றி, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். கைப்பேசியில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வைப்பதும் நன்று.

மூல நூலைப் பிரிய மனமில்லையெனில் வற்புறுத்துவார் யாருமில்லை. கொடுக்க முன்வருவோர் உள்ளூர் அரபுக் கல்லூரி நூலகத்தையோ, சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற நிறுவனத்தையோ அணுகலாம். ஒப்படைக்கும்போது பெற்றுக்கொண்டதற்கு எழுத்து மூலமான சீட்டு ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். ஆய்வாளர் என்று சொல்லி இரவல் கேட்டு வருகிறவருக்கும் இது பொருந்தும். மார்க்கம் நமக்குக் கற்றுத்தந்த முறைதானே அது?

பெட்டியைத் திறக்கும் நாளன்று உம்மாவையோ பாட்டியாரையோ அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். முகப்புப் பக்கம் கிழிந்த நூலின் பெயரும், அதை வீட்டில் யார் ஓதினார்கள், எப்போது ஓதினார்கள் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்கக்கூடும். அதை ஒரு தாளில் எழுதி, ஊர்ப் பெயரும் தேதியும் இட்டு, அந்த நூலோடு சேர்த்து வையுங்கள்.