பாதாளப் பூவுக்குக் காவல்

நியூசிலாந்தின் பழைய வீடுகள் சிலவற்றில் சுவரை அலங்கரிக்கும் ஒரு மரப்பூவைப் பார்க்கலாம். இதழ் இதழாக, மேடும் பள்ளமுமாக விரிந்திருக்கும். மேலே வார்னிஷ் பளபளக்கும். தச்சன் உளி எதுவும் அதில் பட்டதில்லை. 'மர ரோஜா' என்று சொல்லி விற்றார்கள், வாங்கியவர்களும் ஆசையாகத்தான் வாங்கினார்கள். ஆனால் ஓர் அரிய செடியைத் தோண்டியெடுத்து, வேகவைத்து, அதன் சதையை வழித்தெறிந்தால்தான் அந்தப் பூ கிடைக்கும். செடி வாழ்ந்தபோது பற்றியிருந்த மரத்தின் வேரில் விட்டுப்போன தழும்பு அது.

அந்தச் செடியின் பெயர் டாக்டிலாந்தஸ். 'விரல் பூ' என்று பொருள். மதபோதகர் ரிச்சர்ட் டெய்லர் கண்டெடுத்த இதை 1859இல் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் அறிவியல் உலகுக்கு விவரித்தார். மாவோரி மக்கள் அதற்கு முன்பே இதை அறிந்திருந்தார்கள். அவர்கள் வைத்த பெயர் 'புவா ஓ தே ரேயிங்கா', அதாவது இறந்தவர்களின் ஆவிகள் போய்ச் சேரும் உலகத்துப் பூ. எனக்கு இந்தப் பெயர்தான் பொருத்தமாகப் படுகிறது.

நம் ஊர் மாமரத்தில் தொற்றும் புல்லுருவிக்குப் பச்சை இலை உண்டு. தண்ணீரையும் உப்பையும் மரத்திடம் உறிஞ்சினாலும் வெயிலில் தானும் சமைத்துக்கொள்ளும். பக்கத்து மரத்தின் வேரைத் துளைக்கும் சந்தனமும் அப்படித்தான். டாக்டிலாந்தஸுக்கு அந்தப் பச்சையே கிடையாது. பெயருக்குச் செதில் போன்ற இலைகள் உண்டு. மண்ணில் ஊன்ற வேர் இல்லை. மருக்கள் நிறைந்த பழுப்புக் கிழங்காக மண்ணுக்குள் கிடந்து, காட்டு மரம் ஒன்றின் வேரிலிருந்தே முழுச் சாப்பாட்டையும் எடுத்துக்கொள்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் காளானைப் போல முளைக்கும் பலனோஃபோரா இதற்கு ஒரு வகையில் உறவு.

கோடையின் கடைசியில், அங்கே பிப்ரவரி மாதவாக்கில், உதிர்ந்த இலைகளுக்கு இடையே பழுப்பும் இளஞ்சிவப்புமாகப் பூங்கொத்துகள் தலைகாட்டும். ஆண் பூ ஒரு செடியில், பெண் பூ வேறொரு செடியில். நறுமணம் என்று சொல்ல முடியாது. இனிப்போடு வியர்வை கலந்தாற்போன்ற ஒரு வீச்சம். தேனோ ஏராளம். தரையோடு தரையாக இருக்கும் இந்தப் பூவைத் தேடி யார் வருவார்கள்?

1990களில் காட்டில் கேமராவை வைத்துப் பார்த்தபோது விடை கிடைத்தது: குட்டை வால் வௌவால். சிறகை மடித்துக்கொண்டு நான்கு காலில் நடப்பதுபோலத் தரையில் ஊர்ந்து இரை தேடும் விசித்திரமான வௌவால் அது. பூவுக்குள் முகம் புதைத்துத் தேன் குடிக்கும். மகரந்தத்தை முகத்தில் அப்பிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போகும். நியூசிலாந்தின் சொந்தத் தரைப் பாலூட்டிகள் வௌவால்கள் மட்டுமே. அந்தத் தேசத்தில் தரையில் பூப்பது மனிதர்கள் வரும்வரை ஆபத்தில்லாத வாழ்க்கையாக இருந்தது.

பிறகு மனிதர்களோடு எலிகள் வந்தன. மென்மயிர் வணிகத்துக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து பொசம் என்ற பைப்பாலூட்டியையும் கொண்டுவந்து விட்டார்கள். வௌவாலை அழைத்த அதே வாசனை பொசத்தையும் அழைத்தது. அது தேனைக் குடிப்பதோடு நிற்பதில்லை; பூங்கொத்தையே தின்றுவிடுகிறது. பூ போனால் விதை இல்லை.

இந்தச் செடியைத் தொட்டியில் வைத்துக் காப்பாற்றலாம் என்று நினைத்தால் நடக்காது. வேரிலிருந்து பிரித்தால் செத்துவிடும். ஆகவே இருக்கும் இடத்திலேயே காவல் போடுகிறார்கள். பூக்கும் பருவத்தில் சருகை விலக்கித் தேடி, கண்ட இடத்தில் கம்பி வலைக் கூண்டைக் கவிழ்க்கிறார்கள். பொசம் உள்ளே நுழையாது. ஆனால் எலியையும் தடுக்கும் அளவுக்குக் கண்ணியைச் சிறிதாக்கினால் வௌவாலும் வெளியே நின்றுவிடும். எலிக்குப் பொறியும் நஞ்சும் தனியாகத் தேவைப்படுகின்றன. வௌவால் அற்றுப்போன காட்டில் ஆண் பூவின் மகரந்தத்தை மனிதர்களே எடுத்துப் போய்ப் பெண் பூவில் சேர்க்கிறார்கள். கிடைத்த விதைகளை மரங்களின் அடியில் விதைத்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மண்ணுக்குள் நடப்பது எதுவும் கண்ணுக்குத் தெரியாது.

காப்பாற்ற வேண்டியது கிழங்கை மட்டுமல்ல, அதைச் சுமக்கும் மரத்தையும்தான். சுமார் 30 வகை மரங்களில் இது ஒட்டும். அவற்றில் பல, வெட்டுப்பட்டு மீண்டும் தழைக்கும் காடுகளில் வளரும் சிறு மரங்கள். பார்வைக்குப் புதர்க்காடுதானே என்று அந்த மரங்களைச் சாய்ப்பவர் அடியில் இருக்கும் பூவையும் சேர்த்தே சாய்க்கிறார்.

2012இல் இன்னொரு செய்தி வந்தது. தெற்குத் தீவின் குகை ஒன்றில் கிடைத்த பழைய காக்காப்போ எச்சங்களில் டாக்டிலாந்தஸ் மகரந்தம் இருந்தது. காக்காப்போ பறக்க முடியாத பெரிய கிளி. தரையில் நடந்து திரிவது. வௌவாலைப் போல அதுவும் ஒரு காலத்தில் மகரந்தம் சுமந்திருக்கலாம். இன்று தெற்குத் தீவில் இந்தச் செடி இல்லை.

வடக்கே ஹவுதுரு என்ற தீவில் மட்டும் ஒரு நல்ல ஏற்பாடு கூடிவந்திருக்கிறது. 2004இல் அங்கே எலிகளை ஒழித்தார்கள். குட்டை வால் வௌவால் அங்கே இருக்கிறது, டாக்டிலாந்தஸும் பூக்கிறது. 2012இல் காக்காப்போக்களையும் மறுபடி கொண்டுபோய் விட்டார்கள்.